அடுத்த வாரமும் வருவியளா?

நண்பர்களே, ஒரு சின்னக் கணக்கு. இன்டக்ரேஷன் எல்லாம் கிடையாது, பயப்படாதீங்க. உங்க வீட்டுக்கு வலது பக்கம் மூணு வீடு, இடது பக்கம் மூணு வீடு. இந்த ஆறு வீட்டுல யாருக்கு மாத்திரை வாங்கக் காசில்ல, யார் வீட்டுக்கு ரேஷன் அரிசி வந்து மூணு மாசம் ஆச்சு, யார் வீட்டுல ஒரு ஆள் எழுந்திரிக்க முடியாம படுக்கையிலேயே கிடக்கிறார்னு உங்களால சொல்ல முடியுமா? ஹாஸ்டல்ல இருக்கிறவங்க சொந்த ஊரை நினைச்சுக்கிட்டுச் சொல்லுங்க.

எங்க ஏரியால மூணு தெருவுக்கு இந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியும். அது எப்படித் தெரிஞ்சதுன்னு சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

என்னைப் பத்தி ரெண்டு வரி. மூணாம் வருஷம் இ.சி.இ. சொந்த ஊர் தூத்துக்குடி. தினமும் காலேஜ் பஸ்ஸைத் துரத்திப் பிடிக்கிற டே ஸ்காலர். ஞாயிற்றுக்கிழமை காலைல ரெண்டாம் பூசை முடிஞ்சதும், எங்க கோயிலுக்குப் பக்கத்துல இருக்கிற பள்ளிக்கூடத்துல, அஞ்சாம் வகுப்பு ரூம்ல பதினோரு பேர் கூடுவோம். (எங்க பக்கம் சர்ச்சைக் கோயில்னுதான் சொல்வோம். வெளியூர்க்காரங்க குழம்ப வேண்டாம்.) சின்னப் பிள்ளைங்க பெஞ்சுல முட்டி இடிக்க உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுவோம். அதுக்குப் பேரு வின்சென்ட் தே பவுல் சபை. நானும் என் நண்பன் ஒருத்தனும் சேர்றதுக்கு முன்னாடி சபையோட சராசரி வயசு 62. நாங்க சேர்ந்ததும் ஒரே நாள்ல 54க்கு இறங்கிடுச்சு. இதுவரைக்கும் சபைக்கு எங்க பெரிய பங்களிப்பு இதுதான்னு செயலாளர் அண்ணாச்சி இன்னும் கிண்டல் பண்ணுவார்.

தண்ணி வடிஞ்ச பிறகு

2023 டிசம்பர் 17, 18. இந்த ரெண்டு தேதியையும் எங்க மாவட்டத்துல யாரும் மறக்க மாட்டாங்க. காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல 95 சென்டிமீட்டர் மழை. எங்க மாவட்டத்துல ஒரு வருஷம் முழுக்கப் பெய்யற சராசரி மழையே அவ்வளவு வராது. தாமிரபரணி பெருக்கெடுத்துச்சு, குளங்கள் உடைஞ்சுது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல செந்தூர் எக்ஸ்பிரஸ் நூத்துக்கணக்கான பயணிகளோட நின்னுபோச்சு. பக்கத்து ஊர் ஜனங்கதான் அவங்களுக்குச் சோறாக்கிப் போட்டாங்க. தூத்துக்குடி டவுனுக்குள்ளயே பல தெருக்கள்ல நாள் கணக்கா தண்ணி நின்னுச்சு.

அப்போ நான் முதல் வருஷம். எங்க பங்கு மண்டபத்துல அண்டா வச்சுச் சமையல் நடந்தது. நான் செஞ்சது பொட்டலம் கட்டுறதும், இடுப்பளவு தண்ணில அதைத் தலைல வச்சுக்கிட்டுப் போறதும்தான். நம்ம காலேஜ்ல நிறைய பேர் அந்த வாரம் இதைச் செஞ்சிருக்கீங்க, அதனால விவரிக்கல. சென்னை, கோயம்புத்தூர், மதுரைன்னு எங்கெங்கேயோ இருந்து லாரி வந்தது. பாய், போர்வை, பிஸ்கட், பால் பவுடர். ஜனங்க மனசுல எவ்வளவு ஈரம் இருக்குன்னு அப்போ கண்ணாலயே பார்த்தோம்.

பொங்கலுக்குள்ள லாரி நின்னுபோச்சு. அது இயல்புதான். லாரிக்காரங்களுக்கும் வேலை இருக்கு, வீடு இருக்கு. எங்களுக்கும் செமஸ்டர் இருந்தது. ஆனா தண்ணி வடிஞ்ச பிறகு ஒரு விஷயம் வெளிய தெரிஞ்சது. சில வீட்டுல கஷ்டம் வெள்ளத்தோட வரல. அது பல வருஷமா அங்கேயே இருந்தது. வெள்ளம் வந்ததால நாங்க அந்த வீட்டு வாசலை மிதிச்சோம், அவ்வளவுதான்.

ஜனவரில ஒரு ஞாயிறு பூசை முடிஞ்சதும் செயலாளர் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். துறைமுகத்துல வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். "தம்பி, பைக் ஓட்டுவீங்கல்லா? எனக்கு முட்டி வலி. வாரம் ஒரு நாள் நாலு வீட்டுக்குப் போகணும். கூட வாங்க." சமூக சேவை, இளைஞர் சக்தி, தலைமைப் பண்பு, ஒண்ணும் சொல்லல. முட்டி வலி, பைக். அப்படித்தான் சேர்ந்தேன்.

ரகசியப் பை

சபை நடக்கிற விதம் வெளியாட்களுக்குத் தெரியாது. அதனால கொஞ்சம் சொல்றேன்.

முதல்ல சின்ன ஜெபம். அடுத்து போன வாரக் குறிப்பு வாசிப்பாங்க. எந்த வீட்டுக்கு யார் போனாங்க, என்ன பார்த்தாங்க, என்ன பாக்கி இருக்கு. குறிப்புல வீட்டுக்காரர் பேரே வராது, நம்பர்தான் வரும். "ஏழாம் நம்பர் வீட்டுல அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிஞ்சது, சொட்டு மருந்து இன்னும் ரெண்டு வாரம்." இப்படி. அப்புறம் கணக்கு. கடைசில ஒரு துணிப்பை சுத்தி வரும். மூடின கையை உள்ள விட்டு, இருக்கிறதைப் போட்டுட்டு, மூடின கையையே வெளிய எடுக்கணும். யார் எவ்வளவு போட்டாங்கன்னு பக்கத்துல இருக்கிறவருக்கும் தெரியாது. ஒண்ணுமே போடாம கையை விட்டு எடுத்தாலும் யாருக்கும் தெரியாது. மாசக் கடைசில எனக்கு அது பெரிய வசதி.

அந்தப் பைல சில வாரம் 400 ரூபா இருக்கும், சில வாரம் 900. இது போக பிடி அரிசி. எங்க பக்கம் ஆர்.சி., சி.எஸ்.ஐ. ரெண்டுலயும் இருக்கிற பழைய வழக்கம் இது. உலைல அரிசி போடும்போது ஒரு கைப்பிடியைத் தனியா ஒரு டப்பால போட்டு வைப்பாங்க. சேர்ந்ததும் கோயிலுக்குக் கொண்டு வருவாங்க. எங்க பங்குல இருபது, முப்பது வீடு சேர்ந்தது ஒரு அன்பியம். அன்பியக் கூட்டத்துல அந்த டப்பாவைக் கொட்டுவாங்க. பொன்னி, இட்லி அரிசி, ரேஷன் அரிசி எல்லாம் கலந்து வரும். சோறு ஒரு மாதிரிதான் வேகும். ஆனா அந்த மூட்டைல நூறு வீட்டுக் கை இருக்கு.

ஒரு வீட்டுக்கு ரெண்டு பேராத்தான் போகணும், தனியாப் போகக் கூடாது. இது சபையோட பழைய விதி. உதவி வாங்குறவர் எந்த மதம்னு கேட்கக் கூடாது, இதுவும் விதிதான்.

ஆரம்பிச்சவன் நம்ம செட்டு

சபையோட வரலாறைத் தேடிப் படிச்சப்போ எனக்கு ஒரு ஆச்சரியம். இவ்வளவு வயசானவங்க நடத்துறதைப் பார்த்து, யாரோ ஒரு தாடி வச்ச பெரியவர் ஆரம்பிச்சிருப்பார்னு நினைக்கத் தோணும். ஆரம்பிச்சது காலேஜ் பசங்க.

வருஷம் 1833. ஊர் பாரிஸ். முந்தின வருஷம்தான் காலரா வந்து அந்த நகரத்துல ஆயிரக்கணக்கான பேர் செத்துப்போயிருந்தாங்க. பிரடெரிக் ஓசானாம் என்கிற மாணவர் அங்கே சட்டம் படித்துக்கொண்டிருந்தார். மாணவர்கள் கூடி விவாதம் நடத்துவது வழக்கம். ஒரு விவாதத்தில் எதிரணி மாணவர்கள் நேராகவே கேட்டார்கள்: உங்கள் திருச்சபை ஒரு காலத்தில் நல்லது செய்தது சரி, இன்று நீங்கள் என்ன செய்கிறீர்கள்? ஓசானாமுக்கு அந்தக் கேள்வி உறைத்தது. ஏப்ரல் 23ஆம் தேதி, சரியாக அவருக்கு இருபது வயது நிறைந்த நாளில், சில மாணவர்களும் இம்மானுவேல் பாய்யி என்ற பத்திரிகை ஆசிரியரும் சேர்ந்து முதல் கூட்டத்தை நடத்தினார்கள். ஏழைகளுக்காக வாழ்ந்த பதினேழாம் நூற்றாண்டுக் குரு வின்சென்ட் தே பவுலின் பெயரைப் பிறகு சபைக்கு வைத்தார்கள்.

எனக்குப் பிடிச்சது அடுத்து நடந்தது. மனசு மட்டும் இருந்தா போதுமா? எந்த வீட்டுக்குப் போறது, போய் என்ன பேசுறதுன்னு அவங்களுக்குத் தெரியல. பாரிஸில் ஏழைகள் நிறைந்த பகுதியில் வேலை செய்துகொண்டிருந்த ரோசலி ரெந்து என்ற கன்னியாஸ்திரியிடம் போனார்கள். அவர்தான் எந்தெந்தக் குடும்பத்துக்குப் போகணும், அங்கே எப்படி நடந்துக்கணும்னு கத்துக் கொடுத்தார். படிச்ச பசங்க, தெருவைத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட போய்க் கத்துக்கிட்டாங்க. இன்னைக்குச் சுமார் 150 நாடுகள்ல சபை இருக்கு. ஓசானாம் பின்னாடி சோர்போன் பல்கலைக்கழகத்துல பேராசிரியர் ஆனார். 1853ல, நாப்பது வயசுல இறந்துட்டார். 1997ல திருச்சபை அவருக்கு அருளாளர் பட்டம் கொடுத்துச்சு.

இருபது வயசு. நம்ம செகண்ட் இயர்.

மெஷினுக்கு என்னைத் தெரியல

சபை நோட்டுல மூணாம் நம்பர் வீடு. ஒரு ஆச்சி, தனியா இருக்காங்க. முப்பத்தஞ்சு வருஷம் உப்பளத்துல வேலை. தூத்துக்குடி உப்பு உங்க எல்லார் வீட்டுச் சாம்பார்லயும் இருக்கும். அந்த உப்பு எப்படி வருதுன்னு பார்த்திருக்கீங்களா? விடியறதுக்கு முன்னாடியே பாத்தில இறங்கி, உப்புத்தண்ணில நின்னுக்கிட்டு வாரணும். வெயில் மேலேயும் கொட்டும், தண்ணில பட்டுக் கீழே இருந்தும் அடிக்கும். கை, கால் தோல் அப்படியே தேஞ்சு பாளம் பாளமா வெடிக்கும். ஆச்சியோட உள்ளங்கையைத் தொட்டா பழைய ரெக்சின் சீட்டு மாதிரி இருக்கும்.

முதல் தடவை நானும் நண்பனும் போனப்போ, வெள்ளத்துல கிடைச்ச பாய், போர்வை, பக்கெட் எல்லாம் மூலைல அடுக்கி இருந்தது. கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்துட்டு ஆச்சி கேட்டாங்க: "அடுத்த வாரமும் வருவியளா ராசா? இல்ல, வெள்ளத்துக்கு வந்தவுக மாதிரி ஒரு நாளைக்குத்தானா?"

குத்தலாக் கேட்கல. விவரம் தெரிஞ்சுக்கத்தான் கேட்டாங்க. அடுத்த வாரம் வர்ற ஆளா இருந்தா ஒரு விஷயத்தைச் சொல்லலாம், இல்லைன்னா சொல்லி என்ன ஆகப்போகுது? வருவோம்னு சொன்னோம். அப்பவும் அவங்க சொல்லல. ரெண்டாவது வாரம் போனோம், அப்பவும் சொல்லல. மூணாவது வாரம்தான் ரேஷன் கார்டை எடுத்துக் காட்டினாங்க. மூணு மாசமா அரிசி வாங்கல. காரணம்? "ரேகை விழ மாட்டேங்குது."

இது நம்ம சப்ஜெக்ட்டு, அதனால கொஞ்சம் விளக்குறேன். விரல் நுனில மேடும் பள்ளமுமா கோடு இருக்கு. ஆப்டிகல் ஸ்கேனர்ல கண்ணாடிக்கு அடியில இருந்து வெளிச்சம் வரும். மேடு கண்ணாடியைத் தொடுற இடத்துல வெளிச்சம் சிதறிடும், அது கறுப்பாத் தெரியும். பள்ளம் தொடாது, அங்க வெளிச்சம் முழுசாத் திரும்பி வரும், அது வெள்ளையாத் தெரியும். அந்தக் கறுப்புக் கோடு எங்க முடியுது, எங்க ரெண்டாப் பிரியுதுன்னு சாஃப்ட்வேர் புள்ளி எடுத்து, ஆதார்ல இருக்கிற புள்ளியோட ஒப்பிடும். போதுமான அளவு ஒத்துப்போனா ஆள் அவர்தான். இப்போ, மேடே தேஞ்சுபோயிருந்தா? தோல் காய்ஞ்சு வெடிச்சிருந்தா? புள்ளி கிடைக்காது. சர்க்யூட் சரியாத்தான் வேலை செய்யுது, கோடும் சரியாத்தான் இருக்கு. ஆனா மெஷின் "இல்லை"ன்னு சொல்லுது. உப்பளம், கட்டட வேலை, பாத்திரம் தேய்க்கிற வேலை... கையால உழைச்சவங்களுக்குத்தான் இது அதிகம் நடக்குது.

ஆச்சி அதை ஒரே வரில சொன்னாங்க: "இந்தத் தெருவுல எல்லாருக்கும் என்னைத் தெரியும். அந்த மெஷினுக்குத்தான் என்னைத் தெரியல."

வழி இல்லாம இல்ல. வேற விரலை வச்சுப் பார்க்கலாம். கையைக் கழுவி லேசா ஈரம் இருக்கும்போது வைக்கலாம். கருவிழி ஸ்கேனர் இருந்தா அதைக் கேட்கலாம். ஆதார் மையத்துக்குப் போய் ரேகையைப் புதுப்பிக்கலாம். கடைக்கு வர முடியாத முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் தங்களுக்குப் பதிலா வேற ஒருத்தர் பொருள் வாங்க அனுமதிக்கிற அங்கீகாரப் படிவமும் இருக்கு. இதெல்லாம் எனக்குத் தெரியாது. சபைல இருந்த ரிட்டையர்ட் டீச்சருக்குத் தெரியும். ரோசலி அம்மா மாதிரி ஒரு ஆள் எல்லா ஊர்லயும் இருக்காங்க போல.

விரல் மாத்திப் பார்த்தோம், விழல. ஆதார் மையத்துக்குப் பைக்ல கூட்டிட்டுப் போனோம். ஆச்சி வாழ்க்கைல முதல் தடவை பைக்ல ஏறினாங்க. என் தோள்பட்டைல அவங்க நகம் பதிஞ்ச தடம் ரெண்டு நாள் இருந்தது. அங்கே கூட்டம், டோக்கன் தீர்ந்துபோச்சு. அடுத்த சனிக்கிழமை மறுபடி. அப்புறம் படிவம் வாங்கினோம், பக்கத்து வீட்டு அக்காவைப் பதிலியா எழுதினோம், வட்ட வழங்கல் அலுவலகத்துல கொடுத்தோம். ஒரு தடவை கையெழுத்து போட வேண்டியவர் லீவு. ஒரு தடவை ஜெராக்ஸ் பத்தல. எல்லாம் முடிய ஏழு வாரம் ஆச்சு. யாரும் லஞ்சம் கேட்கல, யாரும் திட்டல. இருந்தும் ஏழு வாரம். எழுபது வயசுல, கையெழுத்துக்குப் பதிலா பெருவிரல் வைக்கிற ஒருத்தர் இதைத் தனியாச் செய்ய முடியுமான்னு யோசிச்சுப் பாருங்க.

அந்த ஏழு வாரமும் சபைல இருந்து பிடி அரிசி அஞ்சு கிலோ கொடுத்தோம். ஆச்சி வாங்கிக்கிட்டாங்க. ஆனா ஒவ்வொரு தடவையும் "கணக்கு வச்சுக்கங்க"ன்னு சொல்வாங்க. எட்டாவது வாரம் பக்கத்து வீட்டு அக்கா ரேஷன் அரிசியை வாங்கிக் கொடுத்துட்டாங்க. நாங்க போனப்போ ஆச்சி கேட்காமலேயே அந்தப் பையைத் திறந்து காட்டினாங்க. "இது என் கார்டு அரிசி." பிடி அரிசியை அதோட நிறுத்திட்டாங்க. இப்போ உலைல அவங்களும் ஒரு பிடி எடுத்து வச்சு அன்பியத்துக்குக் கொடுத்து விடுறாங்க. அவங்க கிறிஸ்தவர்கூட இல்ல.

கிரிக்கெட் பாக்க வாறாங்க

எல்லா வீடும் இப்படி நல்லபடியா முடியாது. ஒன்பதாம் நம்பர் வீட்டைப் பத்திச் சொல்லணும்.

அந்த வீட்டுல முப்பது வயசு அண்ணன் ஒருத்தர். பனைல இருந்து விழுந்து முதுகுத்தண்டுல அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்ல. அப்பா இல்ல. அம்மாதான் எல்லாம் செய்யறாங்க. திருப்பிப் போடுறது, துடைக்கிறது, டியூப் மாத்துறது, எல்லாம். அரசாங்கம் கொடுக்கிற பராமரிப்பு உதவித்தொகை மாசம் 2000 ரூபா வருது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கிறாங்க. எழுத வேண்டிய படிவம் எல்லாம் ஏற்கெனவே எழுதியாச்சு. நாங்க போய்ச் செய்ய ஒண்ணுமே பாக்கி இல்ல. அவரை எழுப்பி நடக்க வைக்க எங்களால முடியாது.

என்னதான் வேணும்னு அண்ணாச்சி அந்த அம்மாகிட்ட கேட்டார். ரொம்ப நேரம் யோசிச்சுட்டு அந்த அம்மா சொன்னாங்க: "ஒரு மணி நேரம் யாராவது இவன்கூட இருந்தா, நான் மார்க்கெட்டுக்குப் போய் நானே பாத்து மீன் வாங்கிட்டு வருவேன்." நாலு வருஷமா யாரோ வாங்கிட்டு வர்ற மீனையே சமைக்கிறாங்க. எங்க ஊர்க்காரங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு தெரியும். செவுளைத் தூக்கிப் பார்க்காம வாங்கின மீன் என்ன மீன்?

அதனால ஞாயிறு பதினோரு மணில இருந்து பன்னிரண்டு வரைக்கும் நானும் நண்பனும் அங்க இருப்போம். மேட்ச் இருந்தா போன்ல போட்டுப் பார்ப்போம், இல்லைன்னா பழைய மேட்ச். அண்ணன் தோனி ரசிகர். நான் இல்ல. சண்டை வரும். ஒரு நாள் அவர் பேசவே இல்ல, சுவர் பக்கம் பார்த்துப் படுத்துக்கிட்டார். அன்னைக்கு நாங்களும் பேசல. அந்த ஒரு மணி நேரம் ரொம்ப நீளமா இருந்தது. பொறியியல் படிக்கிறவனுக்குக் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்றது கஷ்டம். பிரச்சினைன்னா தீர்வு இருக்கணும்னு நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. அந்த அறைல தீர்வு கிடையாது. ஒரு மணி நேரம் மட்டும் இருக்கு.

இன்னொண்ணும் சொல்லணும், நீங்களே கேட்பீங்க. அந்தத் தெருவுல ஒருத்தர் எங்களை நிறுத்திக் கேட்டார்: "கோயில்காரங்க எதுக்கு வாரா வாரம் இந்த வீட்டுக்குப் போறீங்க? மதம் மாத்தவா?" அவர் கேட்டது தப்புன்னு எனக்குத் தோணல. தெருவுல புதுசா வர்ற ஆளை யாராவது கேட்கத்தான் வேணும். வீட்டுக்காரங்களே கேட்டாலொழிய எந்த வீட்டுலயும் ஜெபம் பண்ண மாட்டோம், ஒரு துண்டுப் பேப்பர்கூடக் கொடுக்க மாட்டோம். அது சபைல முதல் நாளே சொல்லித் தர்றது. பட்டினிக்கு அரிசி கொடுத்துட்டு அதுக்கு விலையா மனசைக் கேட்டா, அது உதவியே கிடையாது, வியாபாரம். நான் இதை விளக்கமாச் சொல்லலாம்னு வாயைத் திறக்கறதுக்குள்ள, மீன் பையோட வந்த அந்த அம்மாவே பதில் சொல்லிட்டாங்க: "அவங்க கிரிக்கெட் பாக்க வாறாங்க. நீங்களும் வாங்களேன்." போன மாசத்துல இருந்து அவரும் சில ஞாயிறு வர்றார். அவரும் தோனி ரசிகர். நான்தான் இப்போ தனி ஆள்.

போட்டோ எங்கே?

காலேஜ்ல இதைப் பத்திப் பேசினா முதல் கேள்வி இதுதான். ஜியோ டேக் போட்ட போட்டோ இருந்தா சமூக சேவை மணிக்கணக்குல சேர்த்துக்கலாமேன்னு நல்ல எண்ணத்துலதான் ஒரு ஜூனியர் கேட்டான். போட்டோ இல்ல. சபைல வீட்டுக்குள்ள போன் கேமராவை எடுக்கக் கூடாது.

ஒரு நிமிஷம் இடத்தை மாத்திப் பாருங்க. உங்க அம்மா ஒரு கை நீட்டி அஞ்சு கிலோ அரிசி வாங்குறாங்க. பக்கத்துல நான் கட்டைவிரலை உயர்த்திக்கிட்டு நிக்கறேன். அந்தப் படம் இருநூறு பேர் ஸ்டேட்டஸ்ல போகுது. அடுத்த வாரம் நான் உங்க வீட்டுக் கதவைத் தட்டினா நீங்க திறப்பீங்களா?

நோட்டுப் புத்தகத்துக்குப் பதிலா கூகுள் ஷீட் போடலாம்னு நண்பன் சபைல ஒரு யோசனை சொன்னான். மருந்து தேதி, படிவம் எந்த நிலைல இருக்கு, எல்லாம் கலர் கலரா வந்துடும். எல்லாரும் தலையாட்டினாங்க. அண்ணாச்சி மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: "அந்த லிங்க் கடைசில யார் யார் கைக்கெல்லாம் போகும் தம்பி?" டேட்டா பிரைவசின்னு நாம ஒரு பேப்பரே படிக்கிறோம், ஆனா அந்த யூனிட்டை இவ்வளவு சுருக்கமா யாரும் நடத்தல. இப்போ தேதி நினைவூட்டல் மட்டும் போன்ல இருக்கு, அதுலயும் வீட்டு நம்பர்தான். பேர், நோய், கடன் எல்லாம் நோட்டுல. நோட்டு பீரோல. சாவி டீச்சர்கிட்ட.

நீங்க ஆரம்பிக்கணும்னா

இதுக்கு நீங்க கிறிஸ்தவரா இருக்கணும்னு இல்ல. வடலூர்ல வள்ளலார் 1867ல மூட்டின தருமசாலை அடுப்பு இன்னைக்கும் அணையாம எரியுது. ரம்ஜான் மாசம் பள்ளிவாசல்ல காய்ச்சுற நோன்புக் கஞ்சியை வாங்க எல்லாத் தெருப் பிள்ளைகளும் தூக்குவாளியோட நிக்கும். எந்த இடமா இருந்தாலும், தெருவைத் தெரிஞ்ச ஒரு பெரியவர் அங்க கண்டிப்பா இருப்பார். அவரைப் பிடிங்க. புதுசா ஒரு க்ளப் ஆரம்பிச்சு, லோகோ டிசைன் பண்ணி, டி-ஷர்ட் அடிக்கறதுக்கு முன்னாடி, ஏற்கெனவே நடக்கிற இடத்துல போய் நில்லுங்க.

ரெண்டு வருஷத்துல நான் பார்த்ததை வச்சு நாலு விஷயம்:

ஒண்ணு, ஒரே கிழமை, ஒரே நேரம். மாசத்துல ஒரு தடவை முழு நாள் போறதை விட, வாரம் ஒரு மணி நேரம் போறதுதான் வேலைக்கு ஆகும். நீங்க வருவீங்கன்னு தெரிஞ்சாத்தான் ஜனங்க மனசைத் திறந்து சொல்வாங்க.

ரெண்டு, வாக்குக் கொடுக்காதீங்க. "வாங்கித் தர்றேன்"னு சொல்லாதீங்க, "கேட்டுப் பார்க்கறேன்"னு சொல்லுங்க. கேட்டுப் பார்த்துட்டு, நடக்கலைன்னாலும் போய் நடக்கலைன்னு சொல்லுங்க.

மூணு, படிவம் நிரப்பத் தெரிஞ்சுக்கங்க. முதியோர் உதவித்தொகை மாசம் 1200 ரூபா, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, ரேஷன் கார்டுல பெயர் சேர்க்கிறது, நீக்குறது. இ-சேவை மையத்துல என்னென்ன ஆவணம் கேட்பாங்கன்னு ஒரு தடவை உட்கார்ந்து படிச்சா ஒரு மணி நேரம்தான் ஆகும். நமக்கு இது ஒண்ணுமே இல்ல. ஆனா அந்த ஒரு மணி நேரப் படிப்பு ஒரு வீட்டுக்கு மாசா மாசம் சோறு.

நாலு, கொடுக்கிறதை வாங்கிக்கங்க. காப்பி கொடுத்தா குடிங்க. முறுக்கு கொடுத்தா சாப்பிடுங்க. "வேண்டாம் ஆச்சி, உங்களுக்கு எதுக்குச் சிரமம்"னு சொன்னா, உன் கையில வாங்கற அளவுக்கு நீ பெரிய ஆள் இல்லைன்னு சொல்றதா அவங்களுக்குக் கேட்கும்.

கடைசியா ஒரு நடைமுறைப் பிரச்சினை. செமஸ்டர் பரீட்சை வருது. போன வருஷம் நான் படிக்கிற வாரம் நண்பன் போனான், அவன் படிக்கிற வாரம் நான் போனேன், கூட அண்ணாச்சி முட்டில கட்டுப் போட்டுக்கிட்டு வந்தார். இந்த வருஷம் ரெண்டு பேருக்கும் பரீட்சை ஒரே வாரத்துல. அண்ணாச்சிக்கு முட்டி ஆபரேஷன். அதனால தூத்துக்குடில இருந்து வர்ற டே ஸ்காலர்ஸ் யாராவது ரெண்டு பேர் மூணு ஞாயிறு வர முடியுமான்னு கேட்கத்தான், உண்மையைச் சொன்னா, இவ்வளவும் எழுதினேன். காலைல ஒன்பதரைக்குக் கூடுவோம், பன்னிரண்டரைக்கு வீட்டுக்குப் போயிடலாம். பைக் இருந்தா நல்லது, இல்லைன்னா டவுன் பஸ் இருக்கு. எங்க டிபார்ட்மென்ட்ல வந்து கேட்டீங்கன்னா என்னைக் காட்டுவாங்க. தோனி பிடிக்காத ஆளா இருந்தா இன்னும் நல்லது, அந்த வீட்டுல எனக்கு ஒரு துணை வேணும்.